சாலையைக் கடப்பவரையும் எண்ணுங்கள்!

உடலுக்கு இரத்த நாளங்கள் எப்படியோ, நாட்டுக்குச் சாலைகள் அப்படி என்று பெரியோர் கூறுவர். நாளத்தில் அடைப்பு ஏற்பட்டால் உடல் தளர்வதுபோல, சாலையில் நெரிசல் ஏற்பட்டால் நாட்டின் தொழிலும் வாணிபமும் தளர்ந்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த உவமையில் ஒரு குறை உண்டு. இரத்த நாளத்தின் ஓரத்தில் யாரும் குடியிருப்பதில்லை. சாலையின் ஓரத்திலோ ஊர்கள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன, இப்பக்கம் வீடும் அப்பக்கம் வயலுமாக வாழும் மக்கள் இருக்கின்றனர். அவர்களை மறந்துவிட்டுச் சாலையை மட்டும் அகலப்படுத்தினால் அது வளர்ச்சியாகுமா? இதைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எண்ணியவற்றை இம்மலரின் வழியாக உங்கள் முன் வைக்கிறோம்.

நம் மாவட்டத்து நெடுஞ்சாலை

திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டைக்கும், அங்கிருந்து திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலையை நம்மில் அறியாதார் இல்லை. முன்பு அது தேசிய நெடுஞ்சாலை 210 எனப்பட்டது. எண்கள் மாற்றப்பட்ட பிறகு திருச்சி – புதுக்கோட்டைப் பகுதி 336 எனப்படுகிறது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களும், அரியலூர்ப் பக்கமிருந்து தெற்கே செல்லும் சிமெண்டு லாரிகளும், கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் டிப்பர்களும், திருச்சி விமான நிலையத்துக்கு விரையும் கார்களும் இச்சாலையிலேயே செல்கின்றன. அந்த விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் அமைந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அதன் புதிய முனையம் திறந்து வைக்கப்பட்டது. டி.வி.எஸ். டோல்கேட்டிலிருந்து விமான நிலையம் வரை காலையும் மாலையும் வண்டிகள் ஊர்ந்து செல்வதை, திருச்சிக்குப் போய்வருவோர் அனைவரும் அறிவர்.

இச்சாலை பெரும்பகுதி இன்னும் இருவழிச் சாலையாகவே இருக்கிறது. ஒரு டிராக்டர் முன்னே சென்றால், பின்னே பேருந்தும் லாரியும் வரிசையாகக் காத்துக் கிடக்கும். பொறுமை இழந்த ஒருவர் முந்திச் செல்ல வலப்புறம் ஏறினால், எதிரே வருபவரின் உயிர் அவர் கையில் இருக்கிறது.

ஆகவே, இச்சாலை மேம்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. கீரமங்கலத்துப் பூ, பொழுது ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்து மீன், ஐஸ் கரைவதற்குள் நகரங்களை அடைய வேண்டும். வடகாட்டுப் பலாப்பழமும் ஆதனக்கோட்டை முந்திரியும் வெளியூர்ச் சந்தையில் நல்ல விலை பெற வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது பலாவும் தென்னையும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அவற்றை மீண்டும் நட்டு வளர்த்தவர்களுக்கு நல்ல சாலை ஓர் உதவியல்லவா? 108 ஆம்புலன்சு நெரிசலில் சிக்காமல் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. எங்கள் கேள்வி, சாலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எப்படிப்பட்ட சாலை வேண்டும் என்பதே.

எண்ணப்படுவோரும் எண்ணப்படாதோரும்

ஒரு சாலையை அகலப்படுத்தும் முன் அதில் செல்லும் வண்டிகளை எண்ணுகிறார்கள். ஏழு நாட்கள், இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் எண்ண வேண்டும் என்பது முறை. எல்லா வண்டிகளும் ஒரே அளவினவாக இல்லாததால், அனைத்தையும் கார்க் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, கார் 1 என்றால் ஸ்கூட்டர் அரை, சைக்கிளும் அரை. பேருந்தும் லாரியும் மூன்று. மாட்டுவண்டியோ எட்டு! மெதுவாகச் சென்று அதிக இடத்தை அடைப்பதால் அதற்கு அத்தனை மதிப்பு.

இக்கணக்கு தவறானதன்று, சாலையின் நீளவாக்கில் செல்வோரை எண்ண ஏற்றதுதான். ஆனால் இப்பட்டியலில் எங்கு தேடினாலும் நடந்து செல்பவர் இல்லை. மாட்டுவண்டி எட்டாக எண்ணப்படும் இடத்தில், தலையில் புல்லுக்கட்டுடன் சாலையைக் கடக்கும் மூதாட்டி சுழியமாகிவிடுகிறார். புத்தகப்பையுடன் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடும் சிறுமியும் சுழியமே. நடப்பவர்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி நூல் இருப்பது உண்மை. ஆயினும் சாலைக்கு எத்தனை வழிகள் வேண்டும் என்று முடிவு செய்யும் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.

கணக்கில் சுழியமாக இருப்பவர்கள் சாவில் சுழியமாக இல்லையே என்பதுதான் எங்கள் வருத்தம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் மாண்டனர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஆனால் சாவுகளில் நூற்றுக்கு 36 பங்குக்கு மேல் அவற்றில்தான் நிகழ்ந்தன. 2023 டிசம்பர் 30 அன்று நம் மாவட்டத்து நமணசமுத்திரம் அருகே, சிமெண்டு ஏற்றிவந்த ஒரு லாரி சாலையோரத் தேநீர்க் கடைக்குள் புகுந்ததில் பக்தர்கள் ஐவர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. அவர்கள் சாலையில் செல்லவில்லை, சாலையோரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து ஊர் தரும் பாடம்

நெரிசலான நகரப்பகுதியில் சாலையை அகலப்படுத்தும்போது எதை மறக்கக்கூடாது என்பதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருச்சி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரையுள்ள ஏறத்தாழ 14 கிலோமீட்டரைப் பாருங்கள். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய பகுதி அது. பெல் தொழிற்சாலையும் துவாக்குடித் தொழிற்பேட்டையும் அவ்வழியில் உள்ளன. அச்சாலை நான்கு வழியாக்கப்பட்டபோது, உள்ளூர் மக்கள் செல்வதற்கான சர்வீஸ் சாலை அப்பகுதி நெடுக அமைக்கப்படவில்லை. அதனால் பக்கத்துத் தெருக் கடைக்குச் செல்பவரும், தஞ்சைக்கு விரைபவரும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோவும் ஒரே தடத்தில் செல்ல நேர்ந்தது. சர்வீஸ் சாலை வேண்டுமென்று அப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகின்றனர். ஆனால் அதற்குள் இருபுறமும் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நிலம் எடுத்தால் தங்கள் கடை போய்விடுமே என்று வணிகர்கள் கவலைப்படுகின்றனர். இருவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. முதலிலேயே செய்திருந்தால் சிறிய செலவோடு முடிந்திருக்கும் வேலை, பின்னர் செய்யும்போது பெரிய பூசலாகிவிடுகிறது.

சென்னையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் நகருக்குள் நாள்கணக்கில் காத்துக் கிடந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. இதைத் தீர்க்கத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை மேம்பாலச் சாலை ஒன்றுக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-ல் அப்பணி நின்றுபோனது. கூவம் ஆற்றில் எழுந்த தூண்கள் ஆண்டாண்டாக வெயிலிலும் மழையிலும் வெறுமனே நின்றன. பின்னர் 2022 மே மாதத்தில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்தில் 5,800 கோடி ரூபாய்க்கும் அதிகமான மதிப்பீட்டில் ஈரடுக்குப் பாலமாக அதைக் கட்ட மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. கீழடுக்கு நகர வண்டிகளுக்கு. மேலடுக்கு துறைமுகச் சரக்கு லாரிகளுக்கு. இத்திட்டத்தில் எங்களைக் கவர்ந்தது அந்தப் பிரிவினைதான். தொலைதூரம் செல்பவர் வேறு, உள்ளூரில் செல்பவர் வேறு என்று பிரித்துவிட்டால் இருவருக்கும் நன்மை. லாரிக்குத் தாமதமில்லை, குழந்தைக்கு ஆபத்தில்லை.

வெறும் அகலம் போதுமா? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலை என்றொரு சாலை உண்டு. 2008-ல் அதை விரிவாக்கி முடித்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 வழிகள் இருந்தன. அப்படியிருந்தும் சில ஆண்டுகளிலேயே நெரிசல் மீண்டும் வந்துவிட்டது. இடம் பெரிதானால் வண்டிகளும் பெருகுகின்றன. கனத்த சரக்குகளில் ஒரு பகுதியை இரயிலுக்கு மாற்றினால் சாலைக்குப் பாரம் குறையும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929 முதலே இருப்புப்பாதை இருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சைக்கிள் மிதித்த தாய்மார்களின் மாவட்டம்

இதை நாங்கள் இவ்வளவு வற்புறுத்திக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சாலை வரலாற்றில் ஒரு தனிப் பெருமை உடையது. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்க ஊக்கமளித்தார். வயலில் வேலை செய்தவர்களும், கல்குவாரியில் கல் உடைத்தவர்களும், கிராமச் செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992-ல் பெண்கள் தின விழாவன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி பறக்கச் சைக்கிளில் ஊர்வலம் சென்றதைப் பத்திரிகையாளர் திரு. பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார்களிலும் தாய்மார்களிலும் பலர் அன்று மிதிக்கக் கற்றவர்களே. கேலி பேசியவர்களுக்கு அஞ்சாமல் அவர்கள் சாலைக்கு வந்தார்கள்.

அப்படிச் சாலைக்கு வந்த பெண்களின் மகள்கள் இன்று சாலைக்கு அஞ்சி வீட்டில் நிற்கலாமா? நெடுஞ்சாலையோரக் கிராமங்களிலிருந்து வரும் எங்கள் தோழியர் பலருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், சைக்கிளும் இருக்கிறது. ஆனால் "மெயின் ரோட்டில் லாரி வருது, வேண்டாம்மா" என்று வீட்டில் தடுத்துவிடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய அச்சம் உண்மையானது. பேருந்தைத் தவறவிட்டால் அன்று பள்ளி இல்லை; சிறப்பு வகுப்புக்கு நின்றால் வீடு திரும்ப வழியில்லை. இருவழி நான்கு வழியாகி, நடுவே தடுப்புச் சுவரும் எழுந்து, சைக்கிளுக்கு ஓரமும் கடப்பதற்குப் பாதையும் இல்லாமற் போனால், ஒரு பெண்ணின் படிப்பு அந்தச் சுவரிலேயே முட்டி நின்றுவிடும். நெடுஞ்சாலை அகலமாவதால் நம் உலகம் குறுகிவிடக்கூடாது.

நாங்கள் வேண்டுவன

முதலாவதாக, வண்டிகளை எண்ணும் அதே ஏழு நாட்களில், சாலையைக் கடப்பவர்களையும் எண்ண வேண்டும். பள்ளி, சந்தை, மருத்துவமனை, கோயில், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில், பள்ளி விடும் நேரத்தில் நின்று எண்ண வேண்டும். எண்ணும் அதிகாரிகள் கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு பள்ளியின் மாணவரும் அப்பணியில் உதவ முன்வருவர் என்று நம்புகிறோம்.

இரண்டாவதாக, ஊருக்குள் சாலை விரியும் இடங்களிலெல்லாம் முதலில் சர்வீஸ் சாலை. பிறகே பெரிய சாலை. சைக்கிளில் செல்வோர் அதில் அச்சமின்றிச் செல்லும்படி விளக்கும் வேகத்தடையும் அமைய வேண்டும்.

மூன்றாவதாக, மக்கள் உண்மையில் எங்கே கடக்கிறார்களோ அங்கே கடப்பதற்கு வழி வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப்பாதை அமைத்தால், மூட்டுவலி உள்ள பாட்டி அங்கே நடந்து போகமாட்டார். தடுப்புச் சுவரின் இடைவெளியில்தான் நுழைவார். உயரமான படிக்கட்டுகளையுடைய நடைமேம்பாலமும் அவருக்குப் பயன்படாது. மழைநீர் தேங்காத, வெளிச்சமுள்ள, சரிவான சுரங்கப்பாதையே சிறந்தது. இருட்டான சுரங்கப்பாதையில் பெண்கள் நுழைய மாட்டார்கள் என்பதைத் திட்டம் தீட்டுவோர் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவதாக, ஊருக்குள் வேலையில்லாத சரக்கு லாரிகள் புறவழிச்சாலையிலேயே செல்ல வேண்டும். காலையில் பள்ளி கூடும் நேரத்திலும் மாலையில் விடும் நேரத்திலும் கனரக வண்டிகளை நகருக்குள் விடலாகாது. நம் நகரின் நேரான அகன்ற ராஜ வீதிகள், திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில் திருத்தியமைக்கப்பட்டவை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. பின்னால் வருவோரை எண்ணிச் செய்த வேலைக்கு அது சான்று. 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த நம் நகருக்கு அதே முன்யோசனை இப்போதும் தேவை.

ஐந்தாவதாக, லாரி ஓட்டுநர்களுக்கு இளைப்பாறும் இடங்கள் வேண்டும். அவர்கள் நம் பகைவர் அல்லர். அவர்களும் எங்கோ ஒரு வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் தந்தையரே. நிறுத்த இடமின்றிச் சாலையோரத்தில் நிறுத்துவதும், தூக்கத்தோடு ஓட்டுவதும் அவர்கள் விரும்பிச் செய்பவை அல்ல. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் லாரிகளில் ஓட்டுநர் அறை குளிரூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அத்துடன் கழிப்பறையும், குளிக்க நீரும், படுக்க இடமும் வழிநெடுகக் கிடைத்தால் சாலை இன்னும் பாதுகாப்பாகும்.

இறுதியாக, வெட்டப்படும் புளிய மரங்களுக்கு ஈடாக மரங்கள் நடப்பட வேண்டும். பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை 2015-லேயே வந்துவிட்டது. நட்டதோடு நிற்காமல், அவை நிழல் தரும்வரை தண்ணீர் ஊற்றுவதே உண்மையான நடவு.

இவற்றுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பின்னர் இடித்துக் கட்டும் செலவையும், விபத்தில் தந்தையை இழந்த குடும்பத்தின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும். அகலத்தில் சற்றுக் குறைத்தேனும் கடப்பதற்கு வழி செய்யுங்கள் என்பதே எங்கள் விண்ணப்பம்.

நம் பங்கு என்ன?

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் கைகட்டி நிற்பது அழகன்று. ஸ்கூட்டரில் பிள்ளைகளை ஏற்றிவரும் பெற்றோர், தமக்கும் பிள்ளைக்கும் தலைக்கவசம் அணிவித்தால் எத்துணை நன்று! ஓர் ஆட்டோவில் பத்துப் பேரை அடைப்பதும், பள்ளி வாயிலை அடைத்து வண்டியை நிறுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். எதிர்ப்பக்கம் பேருந்து வந்துவிட்டதே என்று சாலையில் ஓடும் வழக்கத்தை மாணவியராகிய நாமும் விட்டுவிட வேண்டும்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் சென்றவர்களைப் பற்றி மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். இன்றும் விபத்தைக் கண்டால், போலீஸ் விசாரணைக்கு அலைய வேண்டுமே என்று பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். அந்த அச்சம் தேவையில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. விருப்பமின்றித் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. இதை ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டில் எடுத்துச் சொன்னால், ஓர் உயிரேனும் பிழைக்கக்கூடும்.

தோழியரே! நம் மாவட்டத்தின் சாலை இன்றோ நாளையோ விரியத்தான் போகிறது. அதற்கான கூட்டங்களுக்கு நம் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் அழைக்கப்படலாம். அப்போது நிலத்துக்கு என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "எங்கள் பிள்ளைகள் எந்த இடத்தில் கடப்பார்கள்?" என்றும் அவர்கள் கேட்க வேண்டும். கேட்கும்படி நாம் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை எழுதப்பட்ட வரைபடமே நல்ல சாலையின் வரைபடம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு